விதியா, வேகமா?

பட்டணத்து ரோட்டைக் கடக்கும்போது வண்டி மோதி ஒருவன் செத்துப்போனால், அங்கு கூடுகிற ஜனங்கள் வாயிலிருந்து இரண்டே அபிப்பிராயங்கள்தான் வரக் காண்கின்றோம். ஒன்று, "அவன் விதி முடிந்தது" என்பது. மற்றொன்று, "பார்த்துப் போகத் தெரியாத பட்டிக்காட்டான்" என்பது. முதலாமவர் பாரத்தைக் கடவுள் மேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். இரண்டாமவர் செத்தவன் மேலேயே போட்டுவிடுகிறார். ஆக எந்த வழியிலும் வண்டி ஓட்டினவனுக்கோ, ரோட்டுப் போட்டவர்களுக்கோ யாதொரு ஜவாப்தாரித்தனமும் இல்லாமல் போய்விடுகிறது.

விதி என்பவர்களை ஒன்று கேட்கின்றோம். 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் ரோட்டு விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்றும், அவர்களில் கால்நடையாய்ப் போனவர்கள் மாத்திரம் 32,825 பேர் என்றும் சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. அதாவது தினம் ஒன்றுக்குச் சுமார் 90 பேர். இந்த விதியானது வண்டிகள் பறக்கின்ற ரோட்டில் சுறுசுறுப்பாயும், மெதுவாய்ப் போகின்ற சந்தில் சோம்பலாயும் வேலை செய்வானேன்? வேகம் இரட்டித்தால் மோதுகிற சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. அப்படியானால் எழுத்து இருப்பது மண்டை ஓட்டிலா, வண்டியின் வேகம் காட்டும் முள்ளிலா? (ஆயுத பூஜையன்று விபத்து வராமலிருக்க நடுரோட்டில் பூசணிக்காயை உடைத்து, அதிலேயே மோட்டார் சைக்கிள்காரர்களை வழுக்கி விழச் செய்கிற புத்திசாலித்தனத்தைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம்.)

இனி பட்டிக்காட்டான் சங்கதி. இது நம்மவர்கள் மாத்திரம் கண்டுபிடித்த வசவு அல்ல. அமெரிக்காவில் மோட்டார் கார் பெருகின காலத்தில், தெருவில் அடிபட்டுச் செத்த பிள்ளைகளைப் பார்த்து ஜனங்கள் கார்களின் மேல்தான் ஆத்திரப்பட்டார்கள். இது வியாபாரத்துக்கு ஆகாது என்று கண்ட மோட்டார்க் கூட்டத்தார், 1920-களில் 'ஜேவாக்கர்' என்கின்ற சொல்லை ஊரெங்கும் பரப்பினார்கள். 'ஜே' என்றால் அவர்கள் கொச்சையில் பட்டிக்காட்டான் என்றே அர்த்தம். 1925-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் நடப்பவனைக் கட்டுப்படுத்தச் சட்டமும் செய்துவிட்டது. அதுவரை எல்லோருக்கும் பொதுவாயிருந்த தெருவில், நடப்பவன் குற்றவாளியானது இப்படித்தான். சுமார் நூறு வருஷம் கழித்து, 2023 ஜனவரி முதல், மோதக்கூடிய ஆபத்து உடனே எதிரில் இருந்தாலொழிய நடப்பவனைப் போலீசார் நிறுத்தக்கூடாது என்று அதே கலிபோர்னியா மாகாணம் சட்டத்தைத் திருத்திக்கொண்டது.

நடப்பவர்களெல்லாம் யோக்கியர்கள் என்று சர்டிபிகேட் கொடுக்க நாம் வரவில்லை. செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு கடப்பவர்களையும், கைக்குழந்தையோடு நடுச்சுவரைத் தாண்டுகிறவர்களையும் தினமும் பார்க்கின்றோம், கண்டிக்கவும் செய்கின்றோம். ஆனால் அந்தத் தாய் சுவர் ஏறுவதற்குக் காரணமென்ன? கடக்கும் இடம் அரை மைல் தூரத்தில் இருக்கிறது. அங்கே போனாலும் வெள்ளைக்கோட்டின் மேலேயே வண்டிகள் ஏறி நிற்கின்றன. சிக்னல் இல்லாத கடவையில் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று 2017-ம் வருஷத்து வண்டியோட்டும் விதிகள் சொல்லுகின்றன. இந்த விதியை மாத்திரம் நம்மவர்கள் நம்புவதில்லை! மேம்பாலம் கட்டியிருக்கிறோமே என்பார்கள். முழங்கால் வலிக்காரர் ஏறி இறங்க வேண்டும், காரில் உட்கார்ந்திருப்பவர் சமதளத்தில் போகவேண்டும் என்பது எந்த நியாயம்?

சென்னைக் கார்ப்பரேஷன் 2014-ல் ஒரு கொள்கை வகுத்து, போக்குவரத்துப் பணத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை நடப்பவர்க்கும் சைக்கிளில் போகிறவர்க்குமே செலவிடுவதாய்ச் சொல்லிற்று. தியாகராய நகரில் 2019-ல் அகலமான நடைபாதையும் வந்தது, நல்ல காரியந்தான். மற்றத் தெருக்களில் அந்த அறுபது பங்கைத் தேடிப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.

சிக்னல் சங்கதி ஒன்று பாக்கி. ஆசாமி விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று எஞ்சினீயர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி 24 மீட்டர் ரோட்டுக்கு 20 விநாடி. விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் கிழவிக்கு 30 விநாடி வேண்டும். மீதிப் பத்து விநாடி அவள் எங்கே நிற்பாள்? அடுத்த சிக்னலுக்குக் கணக்குப் போடுகிற கனவான், ஒரு சாயங்காலம் தம் வீட்டுப் பாட்டியைக் கூட்டிவந்து, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கடக்கச் செய்து பார்க்கட்டும்.