தங்கவயல்: மண்ணுக்கு ஏலம், நுரையீரலுக்கு என்ன?

கோலார் தங்கவயலுக்குள் நுழையும் எவர் கண்ணிலும் முதலில் படுவது சயனைடு மேடுகள்தாம். மாரிகுப்பம் முதல் சாம்பியன் ரீஃப் வரை பரந்து கிடக்கும் 13 மேடுகளில் ஏறத்தாழ 3.3 கோடி டன் கழிவு மண் குவிந்துள்ளது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட மண் அது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒன்றிய அரசின் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி, பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்துக்குச் சொந்தமான சுமார் 1,003 ஏக்கரில் நிற்கும் இந்த மேடுகளைத் தோண்டி மீண்டும் தங்கம் எடுக்கலாம். 2001 பிப்ரவரி 28 அன்று நட்டக் கணக்குக் காட்டிச் சுரங்கத்தை மூடிய அதே அரசுக்கு, அச்சுரங்கத்தின் கழிவு இன்று செல்வமாகத் தெரிகிறது.

இந்த மண்ணில் ஒரு டன்னைக் கரைத்தால் ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. ஆயினும் திட்டம் லாபகரமானது என்று சொல்லும் துணிவு இரண்டு துறைகளிலிருந்து வருகிறது. குறைந்த செறிவுள்ள மண்ணிலிருந்தும் தங்கத்தைக் கறக்க நுண்ணுயிரியல் வழி காட்டுகிறது. தங்கத்தின் விலை எங்கே போய் நிற்கும் என்பதைச் சந்தைப்படுத்தல் துறை கணக்கிடுகிறது. அந்த மேட்டின் அடிவாரத்தில் லைன் வீடுகளில் வாழும் முன்னாள் தொழிலாளியின் நுரையீரலைப் பற்றிப் பேச வேண்டிய மூன்றாவது துறை பொதுச் சுகாதாரம். ஒரே மண்ணைப் பற்றி மூன்று துறைகள் ஆய்வு செய்ய முடியும் என்றால், அவற்றுள் எதற்குப் பணம் வருகிறது, எதற்கு வருவதில்லை என்பது வர்க்கக் கேள்வியாகும்.

ஆய்வுக்கூடமாக இருப்பது தங்கவயலுக்குப் புதிதல்ல. தரைக்கடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து கருவிகளைப் பொருத்தி, வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தை 1965இல் பதிவு செய்தன. பாறை வெடிப்புகளை ஆராய 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கே நிறுவப்பட்டது. தொழிலாளியையும் அளந்தார்கள். 1930இல் ஆங்கிலேய நிர்வாகம் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து குடியேறிய அம்மக்கள், பெரும்பாலும் தலித்துகள், வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். தங்கள் உடலிலிருந்து எடுக்கப்படும் தகவல் யாருக்குப் பயன்படப்போகிறது என்பதை அவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

உடலை உண்மையிலேயே அளக்க வேண்டிய அளவீடு ஒன்றும் நடந்தது. 1940 முதல் 1946 வரை 7,653 சுரங்கத் தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டனர். நூற்றுக்கு 43 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருப்பதாக 1947இல் வெளியான அறிக்கை கூறியது. இந்தியாவில் இந்நோயைப் பற்றிய பாடம் இன்றும் தங்கவயலின் அந்த எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது. மருத்துவ மாணவர் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார். அந்த எண்ணிக்கைக்குள் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதிகாலை ரயிலேறி வேலைக்குப் பெங்களூரு போகிறார்கள்.

நுண்ணுயிரியல் இதில் என்ன செய்ய முடியும் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. அத்துறையைப் பகையாக எண்ண வேண்டிய தேவை நமக்கில்லை. இரும்பையும் கந்தகத்தையும் உண்டு வாழும் பாக்டீரியாக்கள், சல்பைடு கனிமத்துக்குள் சிறைப்பட்ட தங்கத்தை விடுவிக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986 முதல் இது தொழில்முறையாகவே நடக்கிறது. நம் நாட்டில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் கே.ஏ. நடராஜனும் அவரது குழுவினரும் இத்துறையில் நீண்டகாலம் உழைத்து, ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி சுரங்கம் வரை அதைக் கொண்டு சென்றனர். உகாண்டாவின் கசேசேயில் பழைய தாமிரச் சுரங்கத்தின் கழிவிலிருந்து பாக்டீரியா உதவியால் கோபால்ட் எடுத்தார்கள். சயனைடையே உண்டு சிதைக்கும் பாக்டீரியாக்களும் உண்டு. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் 1984 முதல் தன் கழிவுநீரை அவற்றைக் கொண்டே சுத்திகரித்தது. (அந்தச் சுரங்கம் தங்கவயலுக்கு அடுத்த ஆண்டு மூடப்பட்டது. அங்கும் நியூட்ரினோ ஆய்வு நடந்தது. அதை இன்று நிலத்தடி ஆய்வுக்கூடமாக வைத்திருக்கிறார்கள். இங்கே சுரங்கத்தில் நீர் நிரம்பிக் கிடக்கிறது.)

ஆக, சயனைடுக்கு விடை உண்டு. வெயிலும் நுண்ணுயிரும் காலமும் அதைச் சிதைக்கும். குவார்ட்ஸுக்கு விடை இல்லை. மேடுகளில் குவிந்திருக்கும் மண்ணில் பெரும்பங்கு அரைத்த பாறை, அதாவது சிலிக்கா. எந்தப் பாக்டீரியாவும் அதைத் தின்று தீர்க்காது. நுரையீரலுக்குள் போன நுண்துகளை விழுங்கும் வெள்ளணுக்கள் தாமே மடிகின்றன. அவை மடிந்த இடத்தில் தழும்பு படிகிறது. தூசியை விட்டு விலகிய பின்னும் தழும்பு வளர்கிறது. சுரங்கத்தை மூடியதால் நோய் மூடப்பட்டுவிடவில்லை. மேலும், இப்படிப் பழுதான நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதாகக் குடியேறுகிறது. சிலிக்கோசிஸைக் காசநோய் என்று தவறாகக் கணித்து, சளியில் கிருமி தென்படாதபோதும் திரும்பத் திரும்ப அதற்கான மருந்தையே கொடுப்பது இந்தியச் சுரங்க, கல்குவாரிப் பகுதிகள் எங்கும் காணும் அவலம். இழப்பீட்டுக்கு உரிய தொழில்நோய், காகிதத்தில் யாரும் பொறுப்பேற்க வேண்டாத தொற்றுநோயாகிவிடுகிறது. முதலாளிகளுக்கு இதைவிட வசதியான கணிப்பு வேறில்லை.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் நடந்த திபேலா என்னும் மாபெரும் ஆய்வு இங்கே கருதத்தக்கது. பல்லாயிரம் தொழிலாளர்களுக்கு ஒன்பது மாதம் தடுப்பு மருந்து கொடுத்துக் காசநோயை ஒழிக்க முடியுமா என்று பார்த்தார்கள். முடிவு 2014இல் வெளியானது. மருந்து உண்ட காலத்தில் பாதுகாப்புக் கிடைத்தது. நிறுத்தியதும் அது விரைவில் மறைந்தது. சுரங்கம் முழுமைக்குமான நோயளவு குறையவில்லை. தூசியும் நெரிசலான விடுதிகளும் இருந்தபடி இருக்க, மாத்திரை மட்டும் எவ்வளவு தூரம் போகும்?

இனிச் சந்தைக்கு வருவோம். 120 ஆண்டுகளில் தங்கவயல் தந்த மொத்தத் தங்கம் ஏறத்தாழ 800 டன். இந்தியா இன்று ஓராண்டில் வாங்கும் தங்கமே 700 டன்னுக்கு மேல். மூன்று நான்கு தலைமுறையின் உழைப்பு ஓராண்டு நகைக்கடை விற்பனைக்குச் சமம். இந்தத் தாகம் தானாகப் பிறந்ததன்று. தங்கத்துக்கான தேவையை வளர்க்கவே சுரங்க நிறுவனங்கள் 1987இல் உலகத் தங்கக் கழகத்தை உருவாக்கின. அட்சய திருதியை எப்படி நகை வாங்கும் நாளானது என்பதைத் தமிழக வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேலாண்மைத் துறை மாணவர்கள் நகைக்கடை வாசலில் வினாத்தாளோடு நின்று நுகர்வோர் மனநிலையைக் கேட்டறிகிறார்கள். தங்கவயலின் பெயரே 2018இல் ஒரு திரைப்படத்தின் மூலம் நாடு முழுதும் விற்பனைச் சரக்காயிற்று. பவுன் விலையில் ஒரு பைசாவேனும் நுரையீரல் நோய்க்கென்று ஒதுக்கப்பட்டால் வாங்குவோர் ஏற்பார்களா என்றும் அதே வினாத்தாளில் கேட்கலாம். கேட்பதற்குச் சந்தைப்படுத்தல் அறிவியலில் தடையேதும் இல்லை. கேட்கச் சொல்லிப் பணம் தருவோர்தாம் இல்லை.

பணம் தருவோர் யார் என்பதையும் அரசு முடிவு செய்துவிட்டது. ஆராய்ச்சி வளர்ச்சிக்கு இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே. 2023இல் நிறைவேறிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டப்படும் என்றார்கள். அதில் சுமார் 36,000 கோடி தனியாரிடமிருந்து வரும் என்பதே கணக்கு. மண்ணிலிருந்து தங்கம் எடுக்கும் ஆய்வுக்கு நிறுவனம் பணம் தரும். அதே நிறுவனத்திடம் பிற்காலத்தில் இழப்பீடு கோர உதவும் ஆய்வுக்கு அது பணம் தருமா?

அரசின் சொந்த நிறுவனமே இதற்கு என்ன ஆனது என்பதைத் தோழர்கள் அறிய வேண்டும். சுரங்கத் தொழிலாளர் நலனுக்கான தேசிய நிறுவனம் 1990இல் தங்கவயலைப் பதிவு அலுவலகமாகக் கொண்டுதான் அமைக்கப்பட்டது. மைய ஆய்வுக்கூடம் நாக்பூரில் இருந்தது. 2019 ஜூலையில் மோடி அமைச்சரவை அதன் தன்னாட்சியைக் கலைத்து, அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்துடன் இணைத்தது. செலவைக் குறைக்கும் நிர்வாகச் சீர்திருத்தம் என்று அதற்குப் பெயர். இரத்தத்தில் உள்ள சிசி16 என்னும் புரதத்தை அளந்து சிலிக்கோசிஸை முன்கூட்டியே கண்டறியும் சோதனையை உருவாக்கியது அந்த அகமதாபாத் நிறுவனம்தான். அந்தச் சோதனை சாம்பியன் ரீஃபின் லைன் வீடுகளுக்கு வந்தாக வேண்டும்.

இது இயலாத காரியமன்று. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தின் லிபோடே வட்டத்துக்குச் சென்று, ஊர் திரும்பிய முன்னாள் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படங்களை இருவர் தனித்தனியே படித்தனர். ஒருவர் கணக்கில் 22 சதவீதம், மற்றவர் கணக்கில் 36 சதவீதம் பேருக்கு நுரையீரல் தூசி நோய் இருந்தது. பெரும்பாலோர் இழப்பீடே பெறாதவர்கள். 1998இல் வெளியான அந்த ஆய்வும், அதையொத்த மற்றவையும் பின்னர் வந்த வழக்குகளுக்கு வலுவூட்டின. தெம்பெக்கிலே மன்காயி என்னும் முன்னாள் தொழிலாளி, நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரும் உரிமையை 2011இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றத்தில் வென்றார். தீர்ப்புக்குச் சில நாள் முன் அவர் இறந்துவிட்டார். அந்த வாசல் வழியே பல்லாயிரம் பேரின் கூட்டு வழக்கு நுழைந்தது. 2018இல் ஆறு நிறுவனங்கள் சுமார் 500 கோடி ராண்ட் தர உடன்பட்டன. பணம் போய்ச் சேருவதில் தாமதங்கள் உண்டு. ஆனால் அந்த எக்ஸ்ரேக்கள் இல்லாமல் கேட்பதற்கே முகாந்திரம் இருந்திருக்காது.

தங்கவயலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், கோலாரில், 2017இல் தொடங்கிய பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியுடன் கூடிய நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் அங்கே உண்டு. நுண்ணுயிரியலும் மேலாண்மையும் சமூக மருத்துவமும் படித்த இளைஞர்கள் தங்கவயலிலேயே இருக்கிறார்கள். தமிழில் கேட்டு, தமிழில் விளக்கி, பெரியவர்களின் சம்மதத்தைப் பெறவும் அவர்களால் முடியும். சுரங்க மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைத் தேடித் தொகுப்பது, முன்னாள் தொழிலாளர்களுக்கும் மேடுகளை அண்டி வாழும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எக்ஸ்ரே, மூச்சளவு, சளிப் பரிசோதனை செய்வது, காற்றில் பறக்கும் தூசியை ஆண்டு முழுதும் அளப்பது: இவை மேட்டில் முதல் இயந்திரம் ஏறுவதற்கு முன் முடிய வேண்டியவை. தோண்டத் தொடங்கிய பிறகு, எந்த நோய் பழையது, எது புதியது என்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது. ஒப்பந்தம் பெறும் நிறுவனத்தின் வழக்கறிஞர் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். செலவுக்கு வழியும் உண்டு: 2015 கனிமச் சட்டத் திருத்தம் உருவாக்கிய மாவட்டக் கனிம அறக்கட்டளை, சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோரின் நலனுக்கென்றே இருக்கிறது. கழிவு மண் ஏலத்திலும் அதற்குரிய பங்கைக் கோர வேண்டும்.

2001இல் கடைசி முறையாகக் கூண்டிலேறி மேலே வந்தவர்களில் மிக இளையவருக்கே இன்று ஐம்பதை நெருங்கும் வயது. மூத்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள். ஏல ஆவணம் எதுவாயினும், அதில் கையெழுத்தாகும் முன் மக்கள் உடல்நலக் கணக்கெடுப்பின் முடிவு இணைக்கப்பட வேண்டும் என்று பெங்களூரிலும் தில்லியிலும் செங்கொடிச் சங்கங்கள் எழுத்து மூலம் கோர வேண்டும். அந்தக் கோரிக்கையைப் பல்கலைக்கழக ஆசிரியர், மாணவர் அமைப்புகளின் கையொப்பத்துடன் கொண்டுசெல்ல வேண்டும்.