பழைய கேமிங் பிசி: பிராசஸர் மட்டும் போதுமா, போர்டோட மாத்தணுமா?

த்ரெட் கொஞ்சம் நீளம். பாதி மருத்துவம், பாதி கம்ப்யூட்டர். பொறுமையா படிங்க.

போன மாசம் ஓசூர்ல என் கிளினிக்குக்கு ஒரு தம்பி வந்தார். வயசு 26. சிப்காட்ல ஒரு உதிரிபாகக் கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. மேல்வயிறு எரியுது, படுத்தா தூக்கம் வரலைன்னார். விசாரிச்சா வாரத்துல மூணு நாள் டபுள் ஷிப்ட். டீ, உடம்பு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கின மாத்திரை, அதுவும் வெறும் வயித்துல.

"எதுக்குப்பா இவ்வளவு ஓவர்டைம்?"

"இஎம்ஐ எடுக்கப் போறேன் சார். கேமிங் பிசி மாத்தணும்."

(அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாத்தியிருக்கேன்.)

நானும் கேம் ஆடுற ஆள்தான். கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனைக் காட்டச் சொன்னேன். புது போர்டு, புது பிராசஸர், டிடிஆர்5 ராம், கூலர். அறுபதாயிரத்துக்கு மேல. இப்ப வீட்டுல இருக்கிறது என்னன்னு கேட்டா ரைசன் 5 1600, பி350 போர்டு, ஒத்தை 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060. "ரொம்ப பழசு சார், மொத்தமா மாத்தினாதான் உண்டுன்னு சொல்லிட்டாங்க."

தலைவலின்னு உள்ள வந்த ஆளை, பிபி கூட பார்க்காம நேரா எம்ஆர்ஐ-க்கு அனுப்புற மாதிரி இது. முதல்ல எந்த உறுப்புல கோளாறுன்னு பார்க்கணும். அதுக்குக் காசே செலவாகாது.

உங்க கேமை வழக்கமான 1080பி-ல ஓட்டி எஃப்பிஎஸ் எவ்வளவுன்னு குறிச்சுக்கோங்க. அப்புறம் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்க. எஃப்பிஎஸ் நல்லா ஏறுச்சுன்னா இவ்வளவு நேரம் மூச்சு வாங்கிட்டு இருந்தது கிராபிக்ஸ் கார்டு. நீங்க பிராசஸரை மாத்தி புண்ணியமே இல்லை. ஏறாம அதே இடத்துல நின்னா பிராசஸர், இல்லேன்னா ராம். டாஸ்க் மேனேஜர்ல சிபியு 50 சதவீதம்தானே காட்டுதுன்னு ஏமாந்துடாதீங்க. அது எல்லா கோருக்கும் சேர்த்த சராசரி. ஒரு கோர் நூறுல திணறிட்டு மத்ததெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். வெப்பத்தையும் பாருங்க. ஓசூர் குளுகுளுன்னு இருக்கலாம், புழுதிக்குக் குறைவில்லை. ஹீட்சிங்க்ல தூசி அடைச்சு, பேஸ்ட் காய்ஞ்சு, சூடு தாங்காம பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைச்சிட்டு இருந்தா, ஒரு பிரஷ்ஷும் புது பேஸ்ட்டுமே வைத்தியம்.

தம்பி வீட்டுக்குப் போய் பார்த்துட்டு வாட்ஸப்ல அனுப்பினார். 720பி-லயும் அதே எஃப்பிஎஸ். ராம் 90 சதவீதத்துக்கு மேல நிரம்பிக் கிடக்கு. அப்ப கோளாறு ராம்லயும் பிராசஸர்லயும்தான். கார்டு இன்னும் தாக்குப் பிடிக்குது.

இப்போ முக்கியமான விஷயம். அவர் போர்டு ஏஎம்4 சாக்கெட். 2017-ல ரைசன் வந்தப்ப வந்தது. 2022-ல ஏஎம்டி, பழைய 300 சீரிஸ் போர்டுலயும் ரைசன் 5000 சீரிஸ் போடலாம்னு வழி திறந்துவிட்டுச்சு. அவர் போர்டு கம்பெனியோட சைட்ல போய் பார்த்தோம். ரைசன் 5 5600 பட்டியல்ல இருக்கு. பழையதும் 65 வாட், இதுவும் 65 வாட். அதனால போர்டுக்குக் கூடுதல் சுமை இல்லை. (யூடியூப் பார்த்துட்டு 5700எக்ஸ்3டி தேடி அலையாதீங்க. அது 105 வாட். மலிவு போர்டு தாங்குமான்னு முதல்ல பாருங்க.) விண்டோஸ் பிரச்னையும் இதோட தீருது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. ரைசன் 1600 விண்டோஸ் 11 பட்டியல்ல கிடையாது, 5600 இருக்கு.

இன்னொரு பக்கம் ஏஎம்5-க்குப் போனா டிடிஆர்5 ராம் மட்டும்தான் போட முடியும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிட்டுப் போறதுல 2025 கடைசியில இருந்து ராம் விலை எங்கேயோ போயிடுச்சு. 2025 டிசம்பர்ல மைக்ரான் கம்பெனி, க்ரூஷியல் பிராண்டுல நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு விக்கிற வியாபாரத்தையே மூடப் போறதா அறிவிச்சுது. இந்த நேரத்துல, கையில இருக்கிற டிடிஆர்4-ஐத் தூக்கிப் போட்டுட்டு புது ராம் வாங்குறது என்னைக் கேட்டா தப்பான முடிவு. அதுவும் கடன்ல.

எல்லாருக்கும் இதே மருந்து கிடையாது. உங்களோடது இன்டெல் ஆறாவது, ஏழாவது தலைமுறையா? ஐ5 7400 மாதிரி நாலு கோர்? அங்க பிராசஸரை மட்டும் மாத்துறது வீண். எட்டாவது தலைமுறைக்கும் அதே 1151 சாக்கெட் பேர்தான், ஆனா பழைய போர்டுல வேலை செய்யாது. செகண்ட் ஹேண்ட்ல ஐ7 7700 தேடி வாங்கினாலும் விண்டோஸ் 11 பட்டியல்ல அது இல்லை. நீங்க போர்டோட மாத்தித்தான் ஆகணும். அப்பவும் ஐ5 12400எஃப், அதோட டிடிஆர்4 போடுற போர்டுன்னு கேட்டு வாங்குங்க. பழைய ராம் டிடிஆர்4-ஆ இருந்தா அதையே மாட்டிக்கலாம். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

தம்பிக்கு வருவோம். ஒரு ஞாயித்துக்கிழமை அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோடு போனார். 5600 பில்லோட புதுசு. இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 செகண்ட் ஹேண்ட். கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தேன். கொட்டேஷன்ல கால்வாசி கூட ஆகலை. இஎம்ஐ தேவைப்படலை.

மாத்துறதுக்கு முன்னாடி, பழைய பிராசஸர் போர்டுல இருக்கும்போதே பயாஸ் அப்டேட் பண்ணிடணும். நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு செத்துப்போக வாய்ப்பு இருக்கு. நம்ம ஊர் கரண்ட் பத்தி உங்களுக்கே தெரியும். அவர் ரூம்ல யுபிஎஸ் இல்லை. கேபினெட்டைத் தூக்கிட்டு கிளினிக்குக்கே வந்துட்டார். மத்தியானம் கடைசி பேஷன்ட் போனதும் ஈசிஜி மெஷின் பக்கத்துல வச்சு முடிச்சோம். இன்னொண்ணு: ஏஎம்4-ல பின்கள் பிராசஸர் அடியில இருக்கும். கூலரை வெடுக்குன்னு இழுத்தா பேஸ்ட் ஒட்டிக்கிட்டு பிராசஸரும் சாக்கெட்டை விட்டுப் பிய்ச்சுக்கிட்டு வரும், பின் வளையும். கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் பண்ணிட்டு, லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருகி எடுங்க.

இப்ப ஸ்டட்டர் இல்லை. ஜிடிஎக்ஸ் 1060 கிழவன்தான்; 2025 அக்டோபரோட அதுக்குப் புது கேம் டிரைவர் வர்றதும் நின்னாச்சு. அடுத்து காசு சேர்ந்தா கார்டுதான், அதுக்கும் அவசரமில்லைன்னு சொல்லியிருக்கேன்.

போன வாரம் ரிவ்யூவுக்கு வந்தார். வலி மாத்திரையை விட்டாச்சு, வயிறு தேவலை. டபுள் ஷிப்ட் மூணுல இருந்து ஒண்ணு ஆகியிருக்கு. அந்த ஒண்ணு தங்கச்சி காலேஜ் பீஸுக்காம். அதுக்கு என்கிட்ட பயாஸ் அப்டேட் எதுவும் இல்லை.

பழைய 1600-ஐ அவரோட லைன்ல வேலை பார்க்கிற இன்னொரு பையன் வாங்கிக்கிட்டான். இதுவரைக்கும் ஆத்லான்ல ஓட்டிட்டு இருந்தானாம். பவர் சப்ளைல கம்பெனி பேரே இல்லைன்னான். மாட்டுறதுக்கு முன்னாடி அவனையும் பெட்டியோட வரச் சொல்லியிருக்கேன்.