மெயில் சர்வர் வாடகைக்கு இருக்கட்டும்... முகவரி சொந்தமாக இருக்கணும்!

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி. பேண்டேஜ் துணிக்கும் காஸ் துணிக்கும் பேர்போன ஊர். அங்கே யூனிட் நடத்தும் ஒருவரைச் சமீபத்தில் சந்தித்தேன். அவருடைய விசிட்டிங் கார்டு, வேன், சரக்குப் பெட்டி எல்லாவற்றிலும் ஒரே ஜிமெயில் முகவரிதான் அச்சாகியிருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த முகவரியைத் திறந்து கொடுத்தவர் அப்போதைய மேனேஜர். ஓடிபி போவதும் அந்த மேனேஜரின் செல்போனுக்குத்தான். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒருநாள் பாஸ்வேர்டும் வேலை செய்யவில்லை.

பத்து நாள் கழித்து கேரளாவிலிருந்து வழக்கமான ஏஜென்ட் போன் செய்தார். “அண்ணாச்சி, கொட்டேஷன் கேட்டு மூணு மெயில் போட்டேன். பதிலே இல்லையே? சரக்கை வேற இடத்துல எடுத்துட்டோம்.”

நொந்துபோன அந்த முதலாளி என்னிடம் கேட்டார்: “பேசாம நம்ம ஆபீஸ்லயே ஒரு மெயில் சர்வர் போட்டுட்டா என்ன தம்பி? எவனையும் நம்ப வேண்டாம்ல?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் பதில், “சர்வர் வேண்டாம் அண்ணாச்சி. முதல்ல டொமைனை வாங்குங்க” என்பதுதான். ஏன் என்று பார்ப்போம்.

ஒரு மெயில் எப்படிப் போகிறது?

ராஜபாளையத்தில் ஒரு மில். தீபாவளிக்குத் தொழிலாளர்களுக்குக் கொடுக்க, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடைக்கு மெயிலில் ஆர்டர் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் போனால் அரை மணி நேரத் தூரம்தான்.

மில்லின் மெயில் சர்வர் முதலில் இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸிடம், “இந்தக் கடையின் டொமைனுக்கு வரும் மெயிலை வாங்குவது யார்?” என்று கேட்கிறது. அதற்கான பதில் எம்எக்ஸ் என்ற பதிவில் இருக்கும். அந்தப் பதில் காட்டும் சர்வரின் கதவை மில்லின் சர்வர் தட்டுகிறது. கதவைத் திறப்பதற்கு முன் கடையின் சர்வர், வந்திருப்பது யார், எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறார், இதற்கு முன் குப்பை மெயில் அனுப்பியவரா என்று பார்க்கிறது. திருப்தி என்றால் இன்பாக்ஸ், சந்தேகம் என்றால் ஸ்பாம், சுத்தமாக நம்பிக்கை இல்லை என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

சொந்த சர்வர் போடுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த வாசலில்தான்.

ஆபீஸ் அறையில் சர்வர்: எங்கே இடிக்கிறது?

“கரண்ட் போனால் மெயில் தொலைஞ்சு போயிடுமே” என்பதுதான் பலரும் சொல்லும் முதல் பயம். உண்மையில் அது பெரிய பிரச்சினை இல்லை. நம் சர்வர் தூங்கினால், அனுப்பிய சர்வர் பொதுவாக நாலைந்து நாள் வரை விடாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். உள்ளே வரும் மெயிலுக்கு ஆபத்து குறைவு. சிக்கலெல்லாம் நாம் வெளியே அனுப்பும் மெயிலில்தான்.

சாதாரண பிராட்பேண்ட் இணைப்பில் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட முகவரிகளை ஸ்பாம் தடுப்புப் பட்டியல்கள் மொத்தமாகவே ஒதுக்கி வைத்திருக்கின்றன. சர்வருக்கும் சர்வருக்கும் இடையே மெயில் போகும் 25-ஆம் எண் போர்ட்டை பல இணைய நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கும். நிலையான ஐபி வாங்கினாலும், அந்த எண்ணைக் கேட்டால் நம் சர்வரின் பெயர் வருகிற மாதிரி தலைகீழ் டிஎன்எஸ் பதிவை இணைய நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கின. ஜிமெயிலுக்கு அனுப்பும் எவரும், நாளைக்குப் பத்து மெயில் அனுப்பும் சின்ன யூனிட்டாகவே இருந்தாலும், அனுப்புநர் அடையாளத்தை நிரூபிக்கும் பதிவுகளில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். தலைகீழ் டிஎன்எஸ்ஸும் மறையாக்கம் செய்த இணைப்பும் வேண்டும். ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு இதேபோன்ற விதிகளைக் கொண்டுவந்தது.

சட்டமும் இருக்கிறது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவின்படி, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஹேக்கிங் போன்ற சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். சிறு, குறு தொழில்களுக்கு அதே ஆண்டு செப்டம்பர் வரை அவகாசம் தந்தார்களே தவிர விலக்குத் தரவில்லை. இரவு பதினொரு மணிக்கு சர்வரில் யாரோ புகுந்துவிட்டால், நம் யூனிட்டில் யார் எழுந்து பார்ப்பது? கணக்கும் பில்லும் பார்க்கிற அதே பையன்தானே?

மத்திய அரசு என்ன செய்தது?

“அப்போ அடுத்தவன் சர்வரை நம்பித்தான் பிழைக்கணுமா?” என்று கேட்கலாம். இதற்குச் சமீபத்திய உதாரணம் மத்திய அரசுதான்.

மத்திய அரசின் மெயில் சேவையைத் தேசியத் தகவலியல் மையம் பல ஆண்டுகளாக நடத்திவந்தது. சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மெயில் ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டது என்ற செய்தி 2025 அக்டோபரில் வந்தது. ராஜபாளையத்திலிருந்து புளியங்குடி, கடையநல்லூர் தாண்டிப் போனால் தென்காசி வரும். அதன் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் அதே ஜோஹோதான்.

மெயிலைத் தாங்கும் சர்வர் மாறியது. ஊழியர்களின் முகவரியோ அதே ‘கவ் டாட் இன்’, ‘என்ஐசி டாட் இன்’ என்றுதான் தொடர்கிறது. டொமைன் அரசின் கையில் இருப்பதால், நாளைக்கு வேறொரு நிறுவனத்துக்குப் போக நினைத்தாலும் போகலாம். அத்தனை பெரிய அரசுக்கே சர்வரை வெளியே கொடுக்க முடிகிறது என்றால், எட்டுப் பேர் வேலை பார்க்கும் யூனிட்டுக்கு அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஜோஹோ, கூகுள், மைக்ரோசாஃப்ட் என்று யாரிடம் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம்.

திட்டம் எப்படிப் போடுவது?

முதல் வேலை, டொமைனை முதலாளி பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ பதிவு செய்வது. வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் பெயரில், தன் மெயிலில், தன் கார்டில் வாங்கி வைத்திருப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு முதலாளியிடம் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். காலாவதியான டொமைனை வேறொருவர் வாங்கினால், உங்களுக்கு வரும் மெயில் அவருக்குப் போகும். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று அழுத்தி, அந்த முகவரியில் திறந்த மற்ற கணக்குகளுக்குள்ளும் அவர் நுழைய முடியும்.

இரண்டாவது, ஆள் பெயரில் முகவரி வைக்காமல் வேலையின் பெயரில் வையுங்கள். விற்பனைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று. மேனேஜர் மாறினாலும் விற்பனை முகவரி மாறாது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் புது ஆளின் போனுக்குத் திருப்பினால் போதும். நிர்வாகக் கணக்கு மட்டும் யாருக்கும் போகாமல் முதலாளியிடமே இருக்கட்டும்.

மூன்றாவது, டிஎன்எஸ்ஸில் மூன்று பதிவுகள். எஸ்பிஎஃப் என்பது நம் பெயரில் மெயில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களின் பட்டியல். டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் விழும் டிஜிட்டல் முத்திரை. இந்த இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று வாங்குகிற சர்வருக்குச் சொல்வது டிமார்க். டிமார்க்கை எடுத்த எடுப்பில் ‘மறுத்துவிடு’ என்று போடக்கூடாது. சில வாரம் கண்காணிப்பில் மட்டும் வைத்து, வரும் அறிக்கைகளைப் பாருங்கள். பில் அனுப்பும் சாஃப்ட்வேரும், வெப்சைட்டில் உள்ள விசாரணைப் படிவமும் நம் பெயரில்தான் மெயில் போடுகின்றன. அவற்றைப் பட்டியலில் சேர்க்க மறந்தால் நம் பில்லே ஸ்பாமுக்குப் போய்விடும்.

நான்காவது, பழைய மெயில்களின் நகல். ஐமேப் வசதி உள்ள சேவையாகப் பார்த்து எடுத்தால், ஒரு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் இறக்கி, தனி ஹார்டு டிஸ்க்கில் வைக்கலாம். வீடு மாறும்போது சாமானைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, சேவையை மாற்றும்போது இதுவே கைகொடுக்கும்.

ஐந்தாவது, ஜிஎஸ்டி, வருமான வரி, வங்கி ஆகியவற்றில் எந்த முகவரி இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஆடிட்டர் ஆபீஸ் முகவரியே எல்லா இடத்திலும் இருந்தால், நோட்டீஸ் வந்ததே உங்களுக்குத் தெரியாது.

பால்கோவா சொல்லும் பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதற்கு ஒரு கட்டுப்பாடு வந்தது. ஆனால், அதனால் மட்டும் ஏமாற்று சரக்கு உலகத்தில் இல்லாமல் போய்விடுமா? வாங்குகிறவரும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மெயிலிலும் அப்படித்தான். அந்த மூன்று பதிவுகளும் உங்கள் டொமைனை அப்படியே போட்டு வரும் போலி மெயிலைத் தடுக்கும். ஒரே ஒரு எழுத்தை மாற்றி, பார்க்க அதே மாதிரி இருக்கும் டொமைனை ஒருவர் வாங்கினால் அவை உதவாது. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த பில்லுக்குப் புதுக் கணக்கில் பணம் போடவும்” என்று வரும் மெயில்களில் பல இப்படித்தான் வருகின்றன. ஒரு பில் பணம் போனால் சின்ன யூனிட்டில் அந்த மாதச் சம்பளமே ஆட்டம் காணும்.

இதற்கு மருந்து டெக்னாலஜியில் இல்லை. கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டு, குரலைக் கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்ப வேண்டும். மெயிலில் இருக்கும் நம்பருக்கு அடிக்கக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

யாருக்குச் சொந்த சர்வர்?

நூற்றுக்கணக்கான மெயில் கணக்குகள், அதற்கென்றே சம்பளம் வாங்கும் இரண்டு ஐடி ஆட்கள், டேட்டா சென்டரில் இடம் என்று இருக்கிற பெரிய மில்லுக்குச் சொந்த சர்வர் கணக்குக்குக் கட்டுபடியாகலாம். ரகசியம் காக்க வேண்டிய தொழில்களுக்கும் காரணம் இருக்கலாம். அவர்களிலும் பலர் உள்ளே வரும் மெயிலைத் தாங்களே வாங்கிக்கொண்டு, வெளியே போவதை மட்டும் வேறொரு சேவை வழியாக அனுப்புகிறார்கள்.

மற்றவர்களுக்கு டொமைனுக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகும். மெயில் பெட்டிக்கு ஆளுக்கு மாதம் சில பத்து ரூபாயிலிருந்து சில நூறு ரூபாய் வரை. சர்வர், யுபிஎஸ், நிலையான ஐபி, அதைப் பார்க்க ஓர் ஆள் என்று கணக்குப் போட்டால் எது மலிவு என்று முதலாளிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சத்திரப்பட்டி அண்ணாச்சி இப்போது டொமைன் வாங்கிவிட்டார், அவர் பெயரிலேயே. வேனில் பழைய ஜிமெயிலை அழித்துப் புது முகவரி எழுதியாகிவிட்டது. கேரள ஏஜென்ட்டுக்கு அந்த முகவரியிலிருந்து முதல் மெயில் போட்டார். போட்ட கையோடு போனும் செய்தார்: “மெயில் வந்துச்சா? ஸ்பாம்லயும் ஒரு தடவை பாத்துருங்க.”