பத்து வயசுப் பையனுக்கு காமிக்ஸ் எங்கேய்யா?

போன மாசம் சித்தி பையனுக்குப் பிறந்தநாள். ஆறாவது படிக்கிறான். "என்னடா வேணும்?"னு கேட்டேன். "அண்ணா, சிரிப்பா இருக்கணும், மந்திரம் மாயம் எல்லாம் வரணும், படம் போட்ட கதை புக்கு"ன்னான். சந்தோஷம் தாங்கல. இந்தக் காலத்துலயும் புக் கேக்குறானேன்னு 100 ரூபாயை எடுத்துக்கிட்டு சேலம் புது பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிச்சு நாலு ரோடு வரைக்கும் நடந்தேன். கிடைச்சது என்னென்னா: பத்தாம் வகுப்பு கைடு, பொது அறிவு 1000 கேள்விகள், கலர் அடிக்கிற புக்கு, அப்புறம் கடைசி வரியில அறிவுரை சொல்லி முடியிற நீதிக்கதைகள். கடைசியில ஒரு கிரிக்கெட் பந்து வாங்கிட்டு வந்தேன். பய மூஞ்சி தொங்கிப் போச்சு.

அந்தக் கடுப்புலதான் இதை எழுதுறேன். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல என் கதை. நான் ஆறாவது படிச்சது நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல. (பேரு வேண்டாம். நாமக்கல்லுல கல்லை விட்டெறிஞ்சா ஒண்ணு கோழிப்பண்ணையில விழும், இல்ல ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல விழும். ரெண்டுலயும் லைட்டை அணைக்காம வளர்ப்பாங்க.) எங்க மாமா லாரி பாடி கட்டுற பட்டறையில பெயிண்டர். லாரி பின்னாடி கழுகு, ரோஜாப்பூ எல்லாம் வரைவார். அவர் கிட்ட ஒரு தகரப் பெட்டி நிறைய பழைய காமிக்ஸ் இருந்துச்சு. அதுல இருந்து 'மதியில்லா மந்திரி' கதை ஒண்ணைக் குடுத்து அனுப்பினார்.

தெரியாதவங்களுக்கு: பாக்தாத்துல ஒரு கலீபா, சதா தூங்கிட்டே இருப்பார். அவர் நாற்காலியில தான் உக்காரணும்னு துடிக்கிற ஒரு குள்ள மந்திரி. ஒவ்வொரு கதைக்கும் ஒரு மந்திரப் பொருளையோ சூனியக்காரனையோ பிடிச்சுட்டு வருவான், கடைசியில வச்ச பொறியில தானே போய் விழுவான். லக்கி லுக் கதைகளை எழுதின கோஸினியும், ஓவியர் தபாரியும் 1962-ல பிரெஞ்சுல ஆரம்பிச்சது. தமிழுக்குக் கொண்டு வந்தது நம்ம சிவகாசி லயன்-முத்து ஆளுங்க.

ரெண்டாவது நாளே புக்கு பறிமுதல். "படிக்க வந்தியா, பொம்மை பாக்க வந்தியா?"ன்னு வார்டன் நாலு பேர் முன்னாடி முட்டி போட வச்சார். சரி, போகட்டும். அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு வார்டன் ரூம்ல இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு பாருங்க... அப்படி ஒரு சிரிப்பு! புக்கு எனக்குத் திரும்பி வரவே இல்ல.

சிரிப்பா சொல்றேன், ஆனா விஷயம் சிரிப்பில்ல. வார்டனுக்கே சிரிப்பை அடக்க முடியாத ஒண்ணு, பதினோரு வயசுப் பையனுக்கு மட்டும் எப்படிங்க கெட்டதாகும்?

"படம் பாக்குறது படிப்பு இல்ல"ன்னு சொல்றாங்க. சொல்றவங்க காமிக்ஸைப் பிரிச்சுப் பார்த்ததே இல்லன்னு அர்த்தம். ஒரு கட்டத்துல மந்திரி குழி வெட்டுறான். அடுத்த கட்டத்துல குழிக்குள்ள இருந்து மந்திரி கத்துறான். நடுவுல என்ன நடந்துச்சுன்னு எங்கயும் எழுதியிருக்காது. படிக்கிறவன்தான் மனசுக்குள்ள போட்டு நிரப்பிக்கணும். டிவியில அது தானா ஓடிரும். புக்குல நீ யோசிச்சாத்தான் கதை நகரும். வினா-விடை மனப்பாடம் பண்றதுல இந்த வேலைக்கு இடமே இல்ல.

"மாயம் மந்திரம் எல்லாம் மூடநம்பிக்கை"ன்னு இன்னொரு கோஷ்டி. அய்யா, அம்புலிமாமாவுல விக்கிரமாதித்தன் தோள்ல வேதாளம் தொங்கிட்டு வந்து மாசாமாசம் புதிர் போட்டுச்சே, அதைப் படிச்ச எத்தனை பேர் முருங்கை மரத்துல பேயைத் தேடிட்டு அலைஞ்சாங்க? விடையைத்தான் தேடினாங்க. அந்த வேதாளத்துக்கு உருவம் குடுத்த ஓவியர் சங்கர், 1924-ல நம்ம ஈரோட்டுப் பக்கம் பொறந்தவர். பல பத்து வருஷம் அந்தப் பத்திரிகைக்கே வரைஞ்சார். 2020-ல காலமானார். 2021-ல பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. நல்ல விஷயம்தான். ஆனா 1947-ல ஆரம்பிச்ச அம்புலிமாமா, 2007-ல ஒரு மும்பை கம்பெனி கைக்குப் போய், அப்புறம் சில வருஷத்துல நின்னே போச்சு. வரைஞ்சவருக்கு விருது, வரைஞ்சதைப் படிக்க பிள்ளைங்களுக்கு வழியில்ல. வாண்டுமாமா வேலை பார்த்த பூந்தளிரும் இல்ல, கோகுலமும் இன்னிக்கு அச்சுல இல்ல.

இன்னொரு கூத்து கேளுங்க. சுப்பாண்டி தெரியும்ல? அந்தக் கதைகளை முதல்ல எழுதி அனுப்பினது திருச்சி வாசகர் ஒருத்தர். வந்தது 'டிங்கிள்' பத்திரிகையில, இங்கிலீஷ்ல, 1983-ல. பேரைப் பார்த்தாலே தெரியுது நம்ம ஊர்ப் பயன்னு. ஆனா அவன் வளர்ந்தது அடுத்தவன் வீட்டுல!

இப்ப திட்டு வாங்க வேண்டிய அடுத்த ஆளுங்க, நம்ம காமிக்ஸ் ரசிகர்கள். (ஆமாம், என்னையும் சேர்த்துத்தான்.)

2012-ல லயன் 'கம்பேக் ஸ்பெஷல்' 100 ரூபாய்க்கு வந்துச்சு. வழவழ தாள், கலர் பக்கங்கள். அதுக்கு முன்னாடி சாணித்தாள்ல, கறுப்பு வெள்ளையில, பத்து ரூபாய்க்கு வந்துட்டிருந்த உலகம். அந்த மாற்றம் இல்லன்னா தமிழ்ல காமிக்ஸே செத்திருக்கும்னு நானும் ஒத்துக்கறேன், சிவகாசிக்காரங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா நம்ம என்ன பண்ணினோம்? கெட்டி அட்டை குடு, குண்டு புக்கு குடு, ரத்தம் தெறிக்கிற கௌபாய் குடு, "முதிர்ந்த வாசிப்பு" குடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தோம். கார்ட்டூன் கதை வந்தா "சின்னப் பசங்க சமாச்சாரம்"னு மூக்கைச் சுளிச்சோம். நம்ம மீசை முளைச்சுதுன்னு ஏணியை மேல இழுத்துக்கிட்டோம். கீழ நிக்கிற பத்து வயசுப் பையன் எப்படி ஏறுவான்? நமக்கு வயசாகி அலமாரியைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போடுற அன்னிக்கு, தமிழ் காமிக்ஸும் சேர்ந்து எடைக்குப் போகும்.

"இப்பப் பசங்களுக்கு போன் இருக்கு, எவன் படிப்பான்?" இது எல்லாரும் சொல்ற சாக்கு. போன்ல அவன் என்ன பாக்குறான்? டோரேமான், சோட்டா பீம். சிரிப்பு, மாயம், சாகசம். அதே சரக்குதான். பசி இருக்கு, சோறுதான் இல்ல.

அமெரிக்காவுல 'போன்' னு ஒரு காமிக்ஸ் (கையில வச்சிருக்கிற போன் இல்லீங்க, எலும்பு!). ஜெஃப் ஸ்மித்னு ஒருத்தர் 1991-ல இருந்து 2004 வரைக்கும் கறுப்பு வெள்ளையில சொந்தமா போட்டார், 55 இதழ். டிராகன், எலி அரக்கர்கள், மாட்டை எதிர்த்து ரேஸ் ஓடுற பாட்டி எல்லாம் வரும். காமிக்ஸ் கடைக்குப் போற பெரியவங்கதான் முக்கியமா வாங்கினாங்க. 2005-ல ஸ்காலஸ்டிக் கம்பெனி அதையே கலர் பண்ணி, பள்ளிக்கூடப் புத்தகச் சந்தைகள் வழியா பிள்ளைங்க கையில சேர்த்துச்சு. அப்புறம் பிள்ளைங்க காமிக்ஸ்னு ஒரு பெரிய வியாபாரமே அங்க எழுந்து நிக்குது. கதை மாறல. போய்ச் சேர்ற வழி மாறுச்சு. அவ்வளவுதான்.

பி.காம் படிக்கிறவன் கணக்கு போடலன்னா எப்படி? உதாரணத்துக்கு, ஒரு புக்குக்குக் கதை, ஓவியம், கலர் எல்லாம் சேர்த்து 3 லட்சம்னு வச்சுக்கோங்க. 2,000 பிரதி அடிச்சா அந்தச் செலவு மட்டும் புக்குக்கு 150 ரூபாய். ஒரு லட்சம் பிரதி அடிச்சா? 3 ரூபாய்! தாளும் மையும் தனி, ஆனா வரையிற செலவு ரெண்டுக்கும் ஒண்ணுதான். நிலையான செலவுன்னு முதல் வருஷமே சொல்லிக் குடுத்தாங்களே, அதுதான்.

ஒரு லட்சம் பிரதிக்கு எங்க போறது? வழி ஏற்கெனவே இருக்குங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்குன்னு பள்ளிக்கல்வித் துறை 2022-ல 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு'ன்னு இதழ்கள் ஆரம்பிச்சுது. அப்புறம் 'வாசிப்பு இயக்கம்'னு குட்டிக் குட்டிப் புத்தகங்களும் போட்டாங்க. அந்த வழியில இதழுக்கு எட்டுப் பக்கம் ஒரு தொடர் சித்திரக்கதை ஓடட்டும். நம்ம ஊர் மாயத்தோட, நம்ம ஊர் நக்கலோட. கொல்லிமலை இருக்கு, முனியப்பன் இருக்கார், ராத்திரி லாரி ஓட்டுறவங்க சொல்ற பேய்க்கதை ஆயிரம் இருக்கு. கடைசிப் பக்கத்துல "தொடரும்"னு போடுங்க. அறிவுரை மட்டும் போட்டுடாதீங்க சாமி!

தனியார் பள்ளிக்காரங்களே, உங்களுக்கும் ஒண்ணு. 2017-ல இருந்து அரசாங்கமே ரேங்க் லிஸ்ட் சொல்றதை நிறுத்திடுச்சு. விளம்பரத்துல போட மாநில முதலிடமும் இல்ல. வாரத்துக்கு ஒரு மணி நேரம் பையன் சிரிச்சா உங்க பில்டிங் இடிஞ்சு விழாது.

ரசிகக் கண்மணிகளே, உங்களுக்கும்தான். அடுத்த தடவை உங்களுக்கு ஒரு குண்டு புக்கு வாங்கும்போது, கூடவே ஒரு கார்ட்டூன் புக்கும் வாங்கி பக்கத்து வீட்டுப் பொடியன்கிட்ட குடுங்க. கடன் இல்ல, தானம். கிழிச்சாலும் பரவாயில்ல, கிழியிற அளவுக்குப் படிச்சான்னு அர்த்தம்.

நான் ஆரம்பிச்சாச்சு. மாமாவோட தகரப் பெட்டியில இருந்து ஒரு பழைய லக்கி லுக் எடுத்து சித்தி பையனுக்குக் குடுத்தேன். நேத்து சித்தி போன்: "என்னடா கண்ணு குடுத்தே? சோறு தின்னக் கூப்பிட்டா வர மாட்டேங்குறான்."

டிஸ்கி: வார்டன் சார், எங்காவது இதைப் படிச்சீங்கன்னா, புக்கை நீங்களே வச்சுக்கோங்க. உங்க பையனுக்கு மட்டும் படிக்கக் குடுத்துடுங்க. அது போதும்.