பகைவர் இருவர்

அறிவியற் புனைகதை என்றவுடன் நம் மாணாக்கருள் பலர் இயந்திரங்களையும் விண்கலங்களையுமே நினைப்பர். மக்கள் உள்ளத்தின் ஆழம் காண விழைவார் காப்பியங்களை நாடுக, விண்கலங்களை நாடற்க என்று தமிழ் பயிலும் எம்மவரே கூறக் கேட்டிருக்கின்றோம். அக்கூற்றை மறுத்தற்கு ஒரு நாடகமே போதும் என்பது எம் துணிபு. அமெரிக்க நாட்டில் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி என்பார் படைத்து, 1994 முதல் 1998 வரை ஐந்து பருவங்களாய் 110 பகுதிகளில் நடைபெற்ற ‘பாபிலோன் 5’ என்னும் தொலைக்காட்சித் தொடரே அது. அவற்றுள் 92 பகுதிகளை அவர் ஒருவரே எழுதினார். அதனாற்போலும், அது பலர் கூடிக் கட்டிய கதையாய்த் தோன்றாது, தொடங்கும்போதே முடிவறிந்த ஒருவர் நெய்த கதையாய் அமைந்திருக்கின்றது. யாம் பிறப்பதற்கு முன்னரே முடிந்துவிட்ட தொடர். அதன் கணினிப் படங்கள் இன்று பழமையாய்த் தோன்றும். அதுகொண்டு இகழ்வார் இகழ்க.

கதை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவாம். காலம் கி.பி. 2258. மண்ணுலகத்தாருக்கும் மின்பாரி இனத்தாருக்கும் நிகழ்ந்த கொடும்போர் ஓய்ந்தபின், மீண்டும் போர் மூளாவண்ணம் பல உலகத்துத் தூதுவரும் கூடிப் பேசுதற்கென்று நிறுவப்பட்டது ஐந்து மைல் நீளமுள்ள அவ்விண்வெளி நிலையம். அத்தூதுவருள் ஒருவன் லொண்டோ மொலாரி; சென்டாரிக் குடியரசைச் சார்ந்தவன். பெயரளவிலே குடியரசு, ஆள்பவன் பேரரசன். ஒரு காலத்துப் பல உலகங்களை அடிப்படுத்திய அவ்வரசு இப்போது தேய்ந்து நிற்கின்றது. அதற்கு அடிமைப்பட்டுக் கிடந்து விடுதலை பெற்ற உலகம் நார்ன். அதன் தூதன் ஜிகார். இவன் தந்தை சென்டாரியர் மனையில் ஏவலாளன். கொதிக்கும் பானத்தைத் தலைவியின்மேற் சிந்தினான் என்னும் குற்றத்திற்காக மரத்தில் தொங்கவிடப்பட்டு மாண்டான். மகன் வீட்டை விட்டோடித் தன் முதற் சென்டாரியனைக் கொன்றான். அன்று முதல் அவன் வாழ்வு வஞ்சினமே.

இத்தொடரைக் கண்டோர் பெரும்பாலும் லொண்டோவையே துன்பியல் நாயகன் எனப் போற்றுவர். அவன் குற்றவுணர்ச்சியால் வெந்தான், ஆதலின் அவன் கணக்குத் தீர்ந்தது என்பது அவர் கருத்து. யாம் அதற்கு உடன்பட்டோமல்லேம். என்னை? அக்கணக்கைத் தீர்க்கும் உரிமை யாருக்குண்டு என்பதே இந்நாடகத்தின் கேள்வி. அதற்கு விடை கூறுபவன் லொண்டோ அல்லன், ஜிகார்.

ஜிகார் தொடக்கத்தே நல்லவனாகக் காட்டப்படவில்லை என்பதை மறத்தலாகாது. முதற் பகுதியிலேயே நார்ன் படை சென்டாரியரின் உழவுக் குடியேற்றமொன்றை வலியச் சென்று கவர்கின்றது. அதனைக் கண்டு உள்ளூர மகிழ்பவன் இவன். அப்பருவத்திலேயே மோர்டன் என்பான் ஒருவன் நிலையத்திற்கு வந்து, தூதுவரைத் தனித்தனியே கண்டு, உமக்கு வேண்டுவது யாது என்று வினவுகின்றான். இவன் நிழலர் எனப்படும் தொன்மையான கொடிய இனத்தாரின் கையாள். சென்டாரியர் பூண்டோடு அழியவேண்டும் என்கின்றான் ஜிகார். நன்று, அதன்பின்? என்கின்றான் மோர்டன். ஜிகார் விழிக்கின்றான். தன் தாயகம் காப்புற்றிருந்தால் போதும், பிறிதொன்றும் தோன்றவில்லை என்று கூறிவிடுகின்றான். மோர்டன் அவனை விட்டு நீங்குகின்றான். பழிவாங்கும் எண்ணத்திற்கு மறுநாள் என்பதொன்று இல்லை என்பதை இத்துணைச் சுருக்கமாகக் காட்டிய காட்சியை யாம் பிறிதெங்கும் கண்டிலேம். லொண்டோவோ, தன் நாட்டின் பழம்பெருமை முழுதும் மீளவேண்டும் என்கின்றான். அவ்வாசைக்கு எல்லையில்லை. மோர்டன் தேடிவந்த ஆள் அவனே.

1995-இல் வெளிவந்து மறு ஆண்டு ஹியூகோ பரிசு பெற்ற ‘நிழல்களின் வருகை’ என்னும் பகுதியில் இவ்விருவர் வாழ்வும் திரும்புகின்றன. முதுமையுற்ற சென்டாரிப் பேரரசன், தன் முன்னோர் நார்னியர்க்கு இழைத்த கொடுமைக்கு வருந்தித் தன் வாயால் மன்னிப்புக் கேட்கவென்றே நிலையத்திற்கு வருகின்றான். அவனைக் கொல்லவென்று கத்தியுடன் காத்திருக்கின்றான் ஜிகார். அரசனோ அவைக்கு வருமுன்னரே நோயால் வீழ்கின்றான். அவன் வந்த காரணத்தை மருத்துவர் வாயிலாக அறிந்த ஜிகார் உருகிப்போய், லொண்டோவைத் தேடிச்சென்று மதுவிருந்தளித்து அரசன் நலம் வாழ்த்துகின்றான். அந்நேரத்திலே, லொண்டோ மோர்டனிடம் கேட்டுக்கொண்டபடி, நிழலரின் கலங்கள் நார்ன் குடியேற்றமொன்றைப் பொடியாக்கிக்கொண்டிருக்கின்றன. லொண்டோ அதனை அறிவான்; அறிந்தே கோப்பையைக் கையிலேந்தி நிற்கின்றான். சாகுந்தறுவாயில் அரசன் அவன் செவியில் உரைத்தது சாபம் போன்றதொரு சொல். லொண்டோ அதனை மறைத்து, வெற்றியைத் தொடருமாறு அரசன் பணித்தான் என்று அவையோர்க்குப் பொய் கூறுகின்றான். போர் மூண்டது.

போரின் முடிவை இன்னொரு பகுதி காட்டுகின்றது. உடன்படிக்கைகளால் விலக்கப்பட்ட கருவிகளைக் கொண்டு விண்கற்களை நார்ன் நகரங்களின்மேல் எறிகின்றனர் சென்டாரியர். லொண்டோ போர்க்கலத்தின் சாளரத்தருகே நின்று பார்க்கின்றான். உரையாடல் இல்லை. நடிகர் பீட்டர் ஜுராசிக்கின் முகமும் கண்ணாடியில் விழும் ஒளியுமே காட்சி முழுவதும். லொண்டோவைப் போற்றுவார் இதனையே சான்றாக எடுப்பர்; அம்முகத்தில் குற்றவுணர்ச்சி தெளிவாய்த் தோன்றுகின்றது என்பர். தோன்றுகின்றது, மறுத்திலேம். ஆயின் அடுத்த காட்சியில் அவன் செய்வது யாது? நிலையத்திற்குத் திரும்பி, நார்னின் சரணாகதி நிபந்தனைகளை நிமிர்ந்து நின்று படிக்கின்றான். ஒரு சென்டாரியன் கொல்லப்படின் ஐந்நூறு நார்னியர் கொல்லப்படுவர் என்பதும் அவற்றுள் ஒன்று. தமிழிற் கழிவிரக்கம் என்றொரு சொல் உண்டு. செய்து கழிந்ததற்கு இரங்குதல் அது. மனந்திரும்புதல் வேறு. முன்னதை நெஞ்சில் வைத்துக்கொண்டே பின்னதைப் பல்லாண்டு தள்ளிவைக்கலாம் என்பதற்கு லொண்டோவே சான்று.

தள்ளிவைத்தமையின் விலையை 1996-ஆம் ஆண்டுப் பகுதிகளிற் காண்கின்றோம். மோர்டனின் தொடர்பை அறுத்துக்கொள்ள முயல்கின்றான் லொண்டோ. அவன் காதலி அடிரா நஞ்சூட்டிக் கொல்லப்படுகின்றாள். கொன்றவன் ரீஃபா என்னும் பிரபு என்று அவன் நம்புமாறு செய்கின்றான் மோர்டன்; உண்மையிற் கொல்வித்தவன் மோர்டனே. பழிவெறி கொண்ட லொண்டோ நிழலருடன் மீண்டும் கூடி, ரீஃபாவை நார்ன் உலகத்துச் சுரங்கவழிக்கு வஞ்சகமாய் வரவழைத்து, அங்குள்ள நார்னியர் கையால் அடித்துக் கொல்விக்கின்றான். அக்கொலையையும், நிலையத்தில் மண்ணுலகக் குருமார் நடத்தும் ஆராதனையையும் மாறி மாறிக் காட்டுகின்றார் ஆசிரியர். கடைசி நாளிற் பாவிக்கு ஒளிந்துகொள்ளப் பாறையும் இடந்தராது என்னும் பொருளமைந்த ஞானப்பாட்டைச் சபையார் கைதட்டிப் பாடுகின்றனர். பாட்டு ரீஃபாவைப் பற்றியது என்று பலர் கொள்வர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ரீஃபாவுக்கு ஒளிய இடமில்லை என்பது வெளிப்படை. இவையனைத்தையும் ஏவிவிட்டு எங்கோ அமர்ந்திருக்கின்றானே ஒருவன், அவனையன்றோ அப்பாட்டுத் தேடுகின்றது?

நிற்க. ஜிகாரிடம் மூவர் மூன்று காலங்களில் மன்னிப்பு வேண்டுகின்றனர். எம் கட்சிக்கு அம்மூன்றுமே ஆதாரம்.

முதலில் வேண்டியவன் லொண்டோவின் உதவியாளனாகிய விர். மென்மையானவன், போரை வெறுத்தவன், தடுக்க வலியற்றவன். மின்தூக்கி ஒன்றில் ஜிகாருடன் தனித்து நிற்க நேர்ந்தபோது, நடந்ததற்கு வருந்துகின்றேன் என்கின்றான். ஜிகார் கத்தியெடுத்துத் தன் உள்ளங்கையைக் கீறுகின்றான். குருதி சொட்டுச் சொட்டாய் விழ, ஒவ்வொரு துளிக்கும் இறந்தான், இறந்தான் என்று எண்ணி, இவர்களிடம் எவ்வாறு மன்னிப்புக் கேட்பாய் என்கின்றான். இயலாது என்கின்றான் விர். அவ்வாறாயின் என்னாலும் மன்னிக்க இயலாது என்று கூறி நீங்குகின்றான் ஜிகார். கொடியவன் ஒருவன் கேட்டு இவன் மறுத்திருப்பின் காட்சி எளிதாகியிருக்கும். கேட்டவன் குற்றமற்றவன், அதனாலேயே மறுப்புச் சுடுகின்றது. இறந்தோர் சார்பில் இருப்போர் மன்னிப்பு வழங்குதல் இயலாது என்பது ஈண்டு நிலைநாட்டப்படுகின்றது. இந்த விரும் பின்னர் மாறுகின்றான் என்பதையும் குறித்தல் வேண்டும். மோர்டனின் தலை கழுவேற்றப்படக் காணவேண்டும் என்று ஒருநாள் சினந்து கூறியவன், 1997-இல் அதனைக் கண்ணாற் கண்டு, அத்தலையை நோக்கிப் புன்னகையுடன் கையசைக்கின்றான். கண்டோர் கைதட்டுவர். கைதட்டிய கையைச் சிறிது நேரம் உற்றுநோக்குதல் நன்று.

இரண்டாவது வேண்டியவள் மின்பாரித் தூதுவளாகிய டெலென். தன் ஆசான் மண்ணுலகத்தாராற் கொல்லப்பட்டபோது, துயர வெறியில் ஒரு சொல்லால் பெரும்போரைத் தொடங்கிவைத்தவள். பின்னர் அதனை நிறுத்த விழைந்தும் இயலாது தவித்தவள். நிழலர் மீண்டதை முன்னரே அறிந்தும், பிற உலகங்களைக் காக்கும் பொருட்டு வாய்திறவாதிருந்து, நார்னியர் மடிய விட்டதை அவள் ஜிகாரிடம் ஒப்புக்கொள்கின்றாள். அவன் அதன் காரணத்தை உணர்கின்றான். ஒரு நாள் மன்னிக்கக்கூடும், இன்று அன்று என்பதே அவன் விடை.

மூன்றாமவன் லொண்டோ. அவ்விடத்தை அடையுமுன் ஜிகார் கடந்த வழி நெடிது. பிறர் உள்ளத்துட் புகும் ஆற்றலைத் தரும் போதைப்பொடி ஒன்றை உண்டு, லொண்டோவை அடித்து வீழ்த்தி, அவன் நெஞ்சினுட் புகுந்து போரின் மூலத்தைக் கண்டறிகின்றான். அந்நிலையில் இறந்த தந்தையின் உருவம் தோன்றி, இப்பகைச் சுழலினின்று நீங்கு என்கின்றது. அது வேறோர் இனத்துத் தூதன் தோற்றுவித்த மாயக்காட்சி. ஆதலின் அவன் மாற்றம் புறத்தேயிருந்து புகுத்தப்பட்டது என்று குறை கூறுவாருளர். காட்சி ஓரிரவிற் கழிந்தது. அதன்பின் சிறையிலிருந்து அவன் எழுதியது அவன் சொந்தச் சிந்தனை. மேலும், மாற்றம் உண்மையானதா என்பதைச் சென்டாரிப் பேரரசன் கார்டேஜியாவின் அரண்மனை சோதித்தது. வெறிபிடித்த அவ்விளவரசன் ஜிகாரைக் கட்டிவைத்து அடிப்பிக்கின்றான்; அவன் வாய்விட்டு அலறுதல் வேண்டும், இன்றேல் அடி நில்லாது, உயிரும் நில்லாது. பார்த்து நிற்கும் லொண்டோ உள்ளம் துடிக்க, ஜிகார் இறுதியில் அலறுகின்றான். தன் மக்களின் விடுதலைக்குத் தன் உயிர் வேண்டும் என்பதற்காகத் தன் மானத்தைக் கொடுத்தான். பின்னர் ஒரு கண்ணையும் இழந்தான். நார்ன் விடுதலையுற்றபின் மக்கள் அவனை ஆளுமாறு வேண்ட, மறுத்தான். பழி தீர்க்க வா என்று அழைத்தோர்க்கு அவன் முகம் கசந்தது. இவ்விடங்களில் ஆந்திரேயாஸ் கட்சுலாஸின் நடிப்பு, முகமூடியையும் மீறி விளங்குவது.

1998-இல் லொண்டோ நெஞ்சு நோயுற்றுச் சாவின் விளிம்பிற் கிடக்கின்றான். கனவிலே அவனை மறிப்பவன் ஜிகார். கண்விழித்து, பக்கத்தில் நின்ற ஜிகாரைப் பார்த்து, வருந்துகின்றேன் என்று முதன்முறை வாய்விட்டுரைக்கின்றான். மூன்றாண்டு நெஞ்சிற் கிடந்த சொல். அவ்வாண்டிலேயே, சென்டாரியர் செய்தனவாகத் தோன்றிய தாக்குதல்களுக்குப் பழியாக, நார்ன், டிராஸி இனத்தாரின் கலங்கள் சென்டாரித் தலைநகரைக் குண்டெறிந்து எரிக்கின்றன. ஜிகாரைத் தெய்வமென்று வணங்கி அவன் நூலை ஓதும் நார்னியரே எரிக்கின்றனர். எரியும் நகரிற் பேரரசனாகப் போகும் லொண்டோவிடம் விடைபெறுகையில் ஜிகார் கூறுவது இது: என் மக்கள் உன் மக்களை மன்னிக்கமாட்டார், ஆயினும் நான் உன்னை மன்னிக்கின்றேன். தனக்கு உரிமையானதை மட்டும் கொடுத்தான். மின்தூக்கியில் வீழ்ந்த குருதித்துளிகளுக்கு உரியதை அவன் கொடுக்கவுமில்லை, கொடுத்ததாகக் காட்டிக்கொள்ளவுமில்லை. இருவரும் நண்பராயினர், ஆதலின் லொண்டோவின் கணக்குத் தீர்ந்தது என்பார் இவ்வாக்கியத்தின் முற்பாதியைக் கேட்டிலர் போலும்.

ஒன்று மட்டும் எமக்கு உவப்பில்லை. முடிசூடும் லொண்டோவின் தோளில் நிழலரின் ஏவலர் ஓர் உயிரைப் பற்றவைக்கின்றனர். அன்று முதல் அவன் செயல் அவன் வயத்ததன்று. தன் குற்றத்தின் பளுவால் அழுந்தவேண்டியவனைப் பிறர் கைப்பாவையாக்கியதால் அவன்மேல் நமக்கு எளிய இரக்கம் பிறந்துவிடுகின்றது. ஆசிரியர் இவ்வுதவியை அவனுக்குச் செய்திருக்கவேண்டா.

ஆயினும் அவ்வுயிராலேயே கதையின் பழைய கனவு பலிக்கின்றது. ஜிகாரும் தானும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துச் சாவதாக லொண்டோ கண்ட கனவு தொடக்கத்திலேயே கூறப்படுகின்றது. 1994-இல் அதனைக் கேட்டோர் தீராப் பகையின் முடிவென்றே கொண்டிருப்பர். நிகழ்ந்தது வேறு. தோளிலுள்ள உயிர் மதுவால் மயங்கிக் கிடக்கும் சிறு பொழுதில், சிறைப்பட்ட ஷெரிடனையும் டெலெனையும் தப்பவிடத் துணிந்த லொண்டோ, அவ்வுயிர் விழித்துத் தன்னைக் காட்டிக்கொடாவண்ணம் தன்னைக் கொல்லுமாறு ஜிகாரை வேண்டுகின்றான். ஜிகார் இசைகின்றான். இடையில் அவ்வுயிர் விழித்துக்கொள்ள, லொண்டோவின் கைகள் அவன் விருப்பமின்றியே எழுந்து ஜிகாரின் கழுத்தைப் பற்றுகின்றன. இருவரும் மாள்கின்றனர்.