டொராண்டோ நகரசபையின் உரிமை

கனடா தேசத்து டொராண்டோ நகரசபையார் 2016-ல் புளூர் வீதியில் பரீட்சார்த்தமாகச் சைக்கிள் பாதை அமைத்தபோது, வியாபாரம் படுத்துவிடுமென்று கடைக்காரர் பலர் முறையிட்டனர். அவர்கள் அச்சத்தை நாம் பரிகசிக்கவில்லை. வாடகை கொடுப்பவர் அவர்களல்லவா? ஆனால், ஆராய்ந்து பார்த்ததில், வாடிக்கைக்காரர் வரவும் செலவும் பெருகியிருக்கக் கண்டனர். 2017-ல் சபையார் பாதையை நிரந்தரமாக்கினர். ஒண்டேரியோ மாகாண சர்க்காரோ, அவ்வீதியின் சைக்கிள் பாதைகளை அகற்ற 2024-ல் சட்டமே இயற்றிவிட்டனர்! குழந்தையைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வேலைக்கேகும் தாய்க்கு எவ்வீதி அபாயமற்றதென்பதை ஊர்ச் சபை அறியுமா, மாகாண மந்திரிகள் அறிவார்களா? 2025 ஜூலையில் நீதிஸ்தலம் அந்நடவடிக்கையைச் செல்லாதென்றது வாஸ்தவமே. எனினும், அத்தீர்ப்பு சைக்கிளோட்டிகளின் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியது. நகரசபையின் ஸ்தல ஸ்வயாட்சியைப் பற்றியதன்று. அது மாகாணத்தின் தயவிலேயே நிற்கிறது.