பார்ப்பவனுக்கு அனுமதி, பிழைப்பவனுக்குத் தடை

கடந்த மாரிகாலத்தில் சுண்டிக்குளம் சென்றிருந்தேன். கடலுக்கும் நீரேரிக்கும் இடையே நீளும் மணற்பரப்பு. அப்பால் கண்டற் பற்றைகள். எட்டத்தில் இளஞ்சிவப்புக் கோடாகப் பூநாரைகள். தொலைநோக்கியுடன் நின்ற என்னிடம், தோளில் வீச்சுவலையோடு வந்த முதியவர் ஒருவர் தயங்கியபடி கேட்டார்: "அங்காலை ஆரும் நிக்கினமோ, ஐயா?"

பாட்டன் வலை வீசிய நீரில் பேரன் களவாளியைப் போல ஏன் இறங்க வேண்டும்?

1938 இல் சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015 இல் அது தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. இதனை வெறும் பெயர் மாற்றம் எனக் கருதுவோர் 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைப் படித்துப் பார்க்கட்டும். சரணாலயத்தில் மனிதரின் வழமையான வாழ்வுக்கு இடமுண்டு. தேசியப் பூங்காவிலோ, அனுமதி பெற்று இயற்கையைப் பார்வையிடலாம், அவ்வளவே. அதாவது, பார்க்க வந்த நான் விருந்தாளி. பிழைக்க வந்த அவர் குற்றவாளி!

இந்நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்பு எவரிடமிருந்து தொடங்கியது? 1894 இல் அதற்கெனச் சங்கம் அமைத்தவர்களுள் வேட்டைப் பிரியர்களான வெள்ளைத் துரைமார் முன்னின்றனர். வேட்டைக்கு விலங்கு எஞ்ச வேண்டுமே என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. யாலவிலே உள்ளூரில் வசித்த வேட்டைப் பிரியர்களுக்கெனத் தனிப்பகுதியே ஒதுக்கப்பட்டிருந்தது. துரையின் துப்பாக்கி பொழுதுபோக்கு. குடியானவனின் பொறி குற்றம். இன்று துப்பாக்கி இருந்த கையில் கமரா இருக்கிறது. வாயிற்கதவு மட்டும் மாறவில்லை.

ஊரவர் செய்வதெல்லாம் சரியென்று நான் வாதிடவில்லை. தாராக்களைச் சுட்டு விற்பவனும், குஞ்சு மீனையும் விடாத நுண்கண் வலையைப் போடுபவனும் தண்டிக்கப்பட வேண்டியவர்களே. ஆனால் அவர்களை யார் என்று அறிந்தவர் அந்த முதியவரேயன்றிக் கொழும்பில் வரைபடத்தின் மீது கோடு கீறியவர் அல்லர்.

ஆகவே, நீரேரியில் எங்கே, எப்பருவத்தில், எந்த வலையால் தொழில் செய்யலாம் என்பதை மீனவர் சங்கங்களோடு இருந்து தீர்மானியுங்கள். பறவை காட்டும் வழிகாட்டியாக ஊர் இளைஞரை அமர்த்துங்கள். வருமானத்தில் ஊருக்கும் பங்கு கொடுங்கள்.

பூநாரைகள் பங்குனியோடு பெரும்பாலும் போய்விடும். நானும் அன்று மாலையே திரும்பிவிட்டேன். ஆண்டு முழுவதும் அந்த நீரோடு இருப்பவரைப் பகைத்துக்கொண்டு எதைப் பாதுகாக்கப் போகிறீர்கள்?